கையைக் கட்டிக்கொண்டு சொல்லு: ஆரம்ப வகுப்பில் இடம் சொல்லும் ஆங்கிலம்

எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்றிடம் "தேத்தண்ணிக் கடை எங்க இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "அந்தா, அங்கால" என்று சொல்லி நாடியை உயர்த்திக் காட்டும். அதற்கு மேல் பேச்சில்லை. கேட்டவரும் நாடி காட்டிய பக்கம் போய்க் கடையைக் கண்டுபிடித்துவிடுவார். நேரில் நின்று பேசும்போது இதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதே பிள்ளைக்கு ஆங்கிலத்தில் இடம் சொல்லப் பழக்கும்போது நாங்கள் முதலில் கவனிக்க வேண்டியது இந்த நாடியைத்தான். கையும் கண்ணும் நாடியும் வேலையை முடித்துவிட்டால் வாய்க்கு வேலை வராது.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், பின்னேரங்களில் தரம் 3 முதல் 5 வரையுள்ள பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பாசிக்குடா ஹோட்டல்களில் வேலைக்குப் போக நினைக்கும் இளைஞர்கள் சிலரும் வார இறுதியில் வருவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் பாடம் ஒன்றுதான், சாமான்கள்தான் மாறும். புதிதாக வகுப்பெடுக்க வந்திருக்கும் ஆசிரியர்களும், வீட்டில் தம்பி தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கும் அக்காமாரும் எடுத்துச் செய்து பார்க்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு, அதைப் பார்க்க முடியாத ஒருவர் வேண்டும். மேசையில் புத்தகத்தை வைத்துவிட்டு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, "வேர் இஸ் த புக்?" என்று கேட்டால் அது கேள்வியே இல்லை. டீச்சருக்குத் தெரியும் என்று பிள்ளைக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரிந்தவருக்கே சொல்வதில் பிள்ளைக்கு என்ன அக்கறை வரும்? உண்மையாகவே தெரியாத ஒருவர் கேட்கும்படி வகுப்பை அமைத்துவிட்டால், பாதிப் பாடம் தானாக நடக்கும்.

முதல் வாரம் மூன்றே சொல்

பாடப் படங்களில் ஒரு பெட்டியையும் பந்தையும் வரைந்து பத்துப் பன்னிரண்டு சொல்லை ஒரே பக்கத்தில் போட்டிருப்பார்கள். அதை ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். பிள்ளைகள் கையை ஆட்டி ஆட்டிப் பாட்டாக எல்லாவற்றையும் ஒப்புவிப்பார்கள். பிறகு கதிரைக்குக் கீழே விழுந்த பென்சிலைக் காட்டி எங்கே என்று கேட்டால் முழிப்பார்கள். முதல் வாரத்துக்கு இன் (in), ஒன் (on), அண்டர் (under) மூன்றும் போதும். மூன்றையும் தொட்டுப் பார்த்து விளங்கிக்கொள்ளலாம். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் மாறாது. பிஹைண்ட், லெஃப்ட் போன்றவை நிற்கிற இடத்தைப் பொறுத்து மாறும், அந்தச் சிக்கல் பிறகு வரட்டும்.

சாமானுக்குச் செலவில்லை. வெறும் பால்மா டின் ஒன்று, கதிரை ஒன்று, ஒரு சிப்பி. கடற்கரைக்குப் போய் வந்த எந்தப் பிள்ளையின் காற்சட்டைப் பையிலும் ஒரு சிப்பியாவது கிடக்கும். டின், செயர், ஷெல் என்று பெயர்கள் சின்னதாக இருப்பது முக்கியம். பெயர்ச்சொல்லோடு மல்லுக்கட்டுகிற பிள்ளைக்கு இடச்சொல் காதில் விழாது.

முதல் நாள் பிள்ளைகள் பேசவே வேண்டாம். நீங்கள் சொல்லுங்கள், அவர்கள் செய்யட்டும். "புட் த ஷெல் இன் த டின்." "புட் த டின் ஒன் த செயர்." "புட் த ஷெல் அண்டர் த செயர்." ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் இந்த வழியை ஆராய்ந்து ஒரு கற்பித்தல் முறையாகவே உருவாக்கினார். குழந்தை தாய்மொழியைப் பேசத் தொடங்குவதற்கு முன் நெடுநாள் கேட்டு, சொன்னதை உடம்பால் செய்துதான் பழகுகிறது, இரண்டாம் மொழிக்கும் அந்த அவகாசத்தைக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கருத்து. எங்கள் வகுப்புகளுக்கு இது மிகவும் பொருந்தும். வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைகூட சிப்பியை எடுத்து வைக்கத் தயங்காது. நீங்கள் அப்போது பார்க்க வேண்டியது கையை. சொன்னவுடன் நகர்கிற கை விளங்கிக்கொண்ட கை. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துவிட்டு நகர்கிற கைக்கு இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கிறது.

மூன்றும் பழகிவிட்டது என்று தோன்றினால் இதைச் சொல்லிப் பாருங்கள்: "புட் த டின் அண்டர் த ஷெல்." சிப்பிக்குக் கீழே டின்னை வைப்பது எப்படி? சில பிள்ளைகள் வழக்கம்போல் சிப்பியை டின்னுக்குக் கீழே தள்ளுவார்கள். ஒரு பிள்ளை மட்டும் யோசித்து, டின்னைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் சிப்பியை வைக்கும். மற்றவர்கள் ஒரு கணம் பார்த்துவிட்டு "ஆ!" என்பார்கள். எது எதற்குக் கீழே என்பதைச் சொற்களின் ஒழுங்குதான் சொல்கிறது என்று அந்த "ஆ"வில் விளங்கிவிடும். இலக்கண விளக்கம் எதுவும் தேவைப்படாது.

ஒரே மூச்சில் மூன்று சொல்

தமிழில் பெயர் முன்னால் வரும், இடம் பின்னால் வரும்: மேசைக்குக் கீழே, டின்னுக்குள்ளே. ஆங்கிலத்தில் இடச்சொல் முந்திக்கொள்ளும். "கீழ் என்றால் அண்டர், மேல் என்றால் ஒன்" என்று தனித்தனிச் சொல்லாகப் படித்த பிள்ளை "டேபிள் அண்டர்" என்றுதான் சொல்லும். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது, தன் மொழியின் ஒழுங்கில் சரியாகத்தான் யோசித்திருக்கிறது. அதனால் என் வகுப்பில் "அண்டர்" என்ற சொல்லைத் தனியாக நான் உச்சரிப்பதே இல்லை. "அண்டர் த டேபிள்" என்று மூன்றையும் ஒட்டி ஒரே மூச்சில்தான் சொல்வேன். பிள்ளைகளும் அப்படியே ஒட்டிப் பிடித்துக்கொள்வார்கள். கரும்பலகையில் எழுதும்போதும் மூன்று சொல்லையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டுவிடுங்கள்.

பேச வைக்கத் தொடங்கும்போது முழு வாக்கியம் கேட்டு நெருக்க வேண்டாம். "வேர் இஸ் த ஷெல்?" என்றால் "இன் த டின்" என்பது முழுமையான, இயல்பான பதில். ஆங்கிலம் பேசுகிறவர்கள் அப்படித்தான் பதில் சொல்வார்கள். "முழு வசனத்தில் சொல்லு" என்ற ஒரு கட்டளையால் வாயை மூடிக்கொண்ட பிள்ளைகள் நிறையப் பேர். அது நன்றாக வந்த பிறகு "இட் இஸ் இன் த டின்" என்று நீட்டுங்கள். இங்கே "இஸ்" விழுந்துபோகும். "சிப்பி டின்னுக்குள்ள" என்று தமிழில் இருக்கு இல்லாமலே சொல்லி முடித்துவிடலாம் அல்லவா, அதனால் "ஷெல் இன் த டின்" என்று நிறுத்துவார்கள். அந்த "இஸ்"ஸுக்கு மட்டும் மேசையில் ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். தட்டு விழாவிட்டால் மற்றப் பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள்.

தொடுகிறதா, அடைபட்டிருக்கிறதா

மேல் என்றால் ஒன் என்று மனதில் பதித்த பிள்ளை சுவரில் இருக்கும் பல்லியிடம் வந்து நின்றுவிடும். பல்லி சுவருக்கு மேலே இல்லையே! முகட்டில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லியோ இன்னும் மோசம். ஆனால் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒன்தான்: ஒன் த வோல், ஒன் த சீலிங். அதனால் மேல் கீழ் என்று சொல்லிக் கொடுக்காமல், தொடுகிறதா என்று கேட்கப் பழக்குங்கள். ஒரு பரப்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன். சுற்றி வர ஏதாவது அடைத்துக்கொண்டிருந்தால் இன். மேசைக்கு மேலே சுற்றுகிற மின்விசிறி மேசையைத் தொடவில்லை, அதனால் அது ஒன் ஆகாது, அபவ். எங்கள் வகுப்பில் பல்லிக்குப் பஞ்சமில்லை, அதனால் இந்தப் பாடம் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

மரத்தில் காகம், மரத்தில் மாங்காய் என்று நாங்கள் இரண்டுக்கும் ஒரே உருபைப் போடுகிறோம். ஆங்கிலத்தில் காகம் பொதுவாக இன் த ட்ரீ. கிளைகளுக்கும் இலைகளுக்கும் நடுவே போய் உட்கார்ந்திருக்கிறது. மாங்காய் ஒன் த ட்ரீ. அது அங்கேயே காய்த்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் பிடிக்கும், ஆனால் பரீட்சை வைத்துப் புள்ளி குறைக்கிற அளவுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

வாகனங்கள் வந்தால் கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்லிக்கொடுங்கள், பெரியவர்கள்கூட இதில் தடுமாறுகிறார்கள். பஸ்ஸில் போவது ஒன் த பஸ். ஓட்டோவிலும் காரிலும் போவது இன். சைக்கிள், மோட்டார் சைக்கிள் இரண்டும் ஒன். உள்ளே எழுந்து நடக்க இடமிருந்தால் ஒன், ஏறி உட்கார்ந்தபடியே போகவேண்டியது என்றால் இன், கால் போட்டு ஏறுவது ஒன் என்று சொல்லிக்கொடுத்தால் பெரும்பாலும் சரியாக வரும். எங்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. வாவியைக் கடக்கத் தோணியும் தெரியும், பாதையும் தெரியும். வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: மோட்டார் சைக்கிளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். 2014இல் பாலம் திறக்கும் வரை மண்முனையில் அப்படித்தான் கடந்தோம். தோணியில் குந்திக்கொண்டு போவது இன் த போட். பாதையில் நின்றுகொண்டு போவது ஒன் த ஃபெரி. வகுப்பில் தரையில் இரண்டு கோடு கீறி வாவி என்று வைத்துக்கொண்டு, பாய் ஒன்றைப் பாதையாக்கி, "ஐ ஆம் ஒன் த ஃபெரி" என்று கடந்து போகச் சொன்னால், அந்த ஒன் பிறகு மறக்காது.

அட் என்பதை இந்தக் கட்டத்தில் தொட வேண்டாம் என்பது என் எண்ணம். அட் த ஜங்ஷன், அட் த பஸ் ஸ்டொப், அட் ஹோம் என்று கேட்டுப் பழகினால் போதும். ஒரு புள்ளியாக நினைக்கிற இடத்துக்கு அட் என்ற விளக்கம் பத்து வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் சொல்லாது.

முதுகோடு முதுகு

இனி நாடியைக் கட்டிப்போடும் வேலை. இரண்டு பிள்ளைகளை முதுகோடு முதுகாக உட்கார வையுங்கள். இருவருக்கும் ஒரே அளவுத் தாள். இரண்டிலும் ஒரு வீடும் ஒரு கிணறும் மட்டும் ஒரே இடத்தில் கீறியிருக்க வேண்டும், அதை நீங்களே முன்கூட்டி கீறிக் கொடுங்கள். முதல் பிள்ளை தன் தாளில் தான் விரும்பிய இடத்தில் ஒரு கோழி, ஒரு சைக்கிள், ஒரு மாமரம், ஒரு வாளி என்று கீறிக்கொள்ளும். பிறகு தாளை மடியில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எது எங்கே என்று சொல்ல வேண்டும். மற்றப் பிள்ளை கேட்டுக் கீற வேண்டும். விளங்காவிட்டால் கேள்வி கேட்கலாம். கடைசியில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.

இதற்கு முன்னால் நெக்ஸ்ட் டு, பிஹைண்ட், இன் ஃப்ரண்ட் ஒஃப், பிட்வீன் நான்கையும் டின்னையும் கதிரையையும் வைத்தே பழக்கியிருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். நெக்ஸ்ட் டு இலேசாக வரும், ஆனால் அந்த "டு" விழுந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிட்வீனுக்கு இரண்டு பொருள் வேண்டும் என்பதால் பிள்ளைகளையே நிறுத்தி வையுங்கள். இருவருக்கு நடுவில் போய் நிற்கும் பிள்ளை "ஐ ஆம் பிட்வீன்" என்று தொடங்கி இரண்டு பெயரையும் சொல்ல வேண்டும். தமிழில் இரண்டு பெயரையும் சொல்லிவிட்டுத்தான் நடுவில் என்போம், அதனால் பிட்வீனைக் கடைசிக்குத் தள்ளப் பார்ப்பார்கள்.

முதுகோடு முதுகு விளையாட்டில் நடப்பதை ஒருமுறை அருகில் இருந்து பாருங்கள். தரம் 4 பிள்ளை ஒன்று, அதிகம் வாய் திறக்காதது, "த ஹென் இஸ் அண்டர் த ட்ரீ" என்று மெல்லச் சொன்னது. கேட்டுக் கீறிக்கொண்டிருந்த பையன் பென்சிலை நிறுத்தினான். அவன் தாளில் இதற்குள் இரண்டு மரம் வந்திருந்தது. "விச் ட்ரீ?" என்றான். அவளுக்குத் தோள் உயர்ந்தது. கட்டியிருந்த கை வெளியே வரத் துடித்தது. கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு "த ட்ரீ... நெக்ஸ்ட் டு த வெல்" என்றாள். அவன் "ஓகே" என்று சொல்லிக் கோழியைக் கீறினான்.

கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற மரம் என்பதை ஆங்கிலத்தில் எப்படிக் கட்டுவது என்று நான் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. தமிழில் அந்த நீண்ட விளக்கம் மரத்துக்கு முன்னால் வரும். ஆங்கிலத்தில் மரத்துக்குப் பின்னால் வரும். அதைப் பலகையில் எழுதி விளக்கினால் தரம் 4க்குப் பாரமாகத்தான் இருக்கும். எதிரே ஒரு பிள்ளை உண்மையாகவே விளங்காமல் காத்திருந்ததால், கையில் இருந்த துண்டுகளை அவளே சேர்த்துக்கொண்டாள். ஒட்டிப் படித்த "நெக்ஸ்ட் டு த வெல்" அவளுக்கு முழுத் துண்டாகக் கைகொடுத்தது.

தாள்களை ஒப்பிடும்போது சண்டை வரும். "நான் பிஹைண்ட் த ஹவுஸ் எண்டுதானே சொன்ன!" "இல்ல, நீ இன் ஃப்ரண்ட் எண்டு சொன்ன!" விடுங்கள், நடக்கட்டும். எந்தச் சொல்லால் கோழி எந்தப் பக்கம் போனது என்று அவர்களே தேடிக்கொள்கிறார்கள். சண்டை தமிழில் நடந்தாலும் பரவாயில்லை. படத்தைச் சொல்வது மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால் போதும்.

எதற்கு முன்னால், யாருக்கு இடப்பக்கம்

இந்தச் சண்டைகளில் பாதி, மரத்துக்கு முன்னால் என்றால் எந்தப் பக்கம் என்பதில் வரும். வீட்டுக்கு, கோயிலுக்கு, பஸ்ஸுக்கு முன்பக்கம் என்று சொந்தமாக ஒன்று இருக்கிறது. வாசல் இருக்கிற பக்கம் இன் ஃப்ரண்ட் ஒஃப் த ஹவுஸ். பார்க்கிறவர் கிணற்றடியில் நின்றாலும் அது மாறாது. மரத்துக்கும் தூணுக்கும் அப்படி முன்பக்கம் கிடையாது, அதனால் பார்க்கிறவருக்கும் மரத்துக்கும் இடையில் இருப்பதுதான் இன் ஃப்ரண்ட் ஒஃப் த ட்ரீ. பிள்ளைகளை வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு தென்னையின் இரண்டு பக்கமும் நிறுத்தி, ஒரு பிள்ளைக்கும் மரத்துக்கும் நடுவில் வாளியை வைத்துக் கேளுங்கள். ஒரு பிள்ளைக்கு வாளி மரத்துக்கு முன்னால், மற்றதுக்குப் பின்னால். இரண்டு பேரும் சரி. இதைத் தாளில் விளக்க முடியாது, எழுந்து போய்த்தான் பார்க்க வேண்டும்.

வீதிக்கு அந்தப் பக்கம் நேரெதிரே இருப்பதையும் பிள்ளைகள் இன் ஃப்ரண்ட் ஒஃப் என்றே சொல்வார்கள். கோயிலுக்கு எதிரே வீதிக்கு அப்பால் கடை இருந்தால் "த ஷொப் இஸ் ஒப்போசிட் த டெம்பிள்" என்று பழக்குங்கள். இந்தச் சொல்லோடு "டு" வேண்டாம். நியர் என்பதற்கும் வேண்டாம். நெக்ஸ்டுக்கு மட்டும் கட்டாயம் வேண்டும்.

இடம் வலம் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே குழப்பம். ஆனால் கிழக்கு மேற்கு குழம்பவே குழம்பாது. சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை என்று ஊரையே அப்படிப் பிரித்து வைத்திருக்கிற ஆட்கள் நாங்கள். வீட்டுக்குள்ளேகூட "அலுமாரிக்கு மேற்கால பார்" என்று சொல்லும் அம்மம்மாமார் இருக்கிறார்கள். பாடத்திட்டங்களில் லெஃப்ட், ரைட் முதலில் வரும், ஈஸ்ட், வெஸ்ட் மெல்லப் பின்னால் வரும். எங்கள் பகுதியில் இதை மாற்றிச் செய்வது நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வேன். பிள்ளை ஏற்கெனவே மனதில் வைத்திருக்கிற திசைக்கு ஆங்கிலப் பெயரைக் கொடுத்தால் அன்றைக்கே வாக்கியம் வரும்: "த சீ இஸ் ஈஸ்ட் ஒஃப் த லகூன்." "அவர் வில்லேஜ் இஸ் வெஸ்ட் ஒஃப் த லகூன்." லெஃப்ட், ரைட்டை அதற்குப் பிறகு தாளின் இடப்பக்கம், வலப்பக்கம் என்று தொடங்குங்கள். தாள் யாரும் நிற்கிற இடத்தைப் பொறுத்து மாறாது.

ஊரைச் சொல்லுதல்

இவ்வளவும் வந்தால் ஒரு இடத்தை முழுதாகச் சொல்ல வைக்கலாம். இங்கே தெயர் இஸ் தேவைப்படும். இதைச் சொல்லிக்கொடுக்கத் தமிழே உதவும். "வாங்குக்குக் கீழே ஒரு கோழி இருக்கு" என்பதும் "கோழி வாங்குக்குக் கீழே இருக்கு" என்பதும் ஒன்றா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். முதலாவது, புதிதாக ஒரு கோழியைக் கண்டுவிட்டுச் சொல்வது. இரண்டாவது, தேடிக்கொண்டிருந்த கோழியைப் பற்றிச் சொல்வது. பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும். தமிழில் சொல்லை இடம் மாற்றிச் செய்வதை ஆங்கிலம் வேறு சொற்களால் செய்கிறது. முதலாவது "தெயர் இஸ் எ ஹென் அண்டர் த பெஞ்ச்", இரண்டாவது "த ஹென் இஸ் அண்டர் த பெஞ்ச்." புதிதாக அறிமுகமாகும்போது எ, தெரிந்த பிறகு த. இந்த இரண்டு வாக்கியமும் கிடைத்துவிட்டால் எ, த பற்றிய விளக்கத்தில் பெரும்பகுதி முடிந்தது.

பிறகு தரையில் குச்சியால் வாவியைக் கீறுங்கள். வடக்குத் தெற்காக 50 கிலோமீட்டருக்கு மேல் நீளமான வாவி என்பதால் வகுப்பின் ஒரு மூலையில் இருந்து மற்ற மூலை வரை இழுத்துவிடுங்கள். கிழக்கே கடல். பிள்ளைகள் கல்லையும் சிரட்டையையும் வைத்து ஊர்களை அமைக்கட்டும். பிட்வீனுக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கும் கிடைக்காது: "காத்தான்குடி இஸ் பிட்வீன் த சீ அண்ட் த லகூன்." ஆரையம்பதியும் அப்படித்தான். புளியந்தீவு "இன் த லகூன்." அதில் 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை, "ஒன் தி ஐலண்ட்." ஊருக்கு இன், தீவுக்கு ஒன் என்பதை அப்படியே கடத்திவிடலாம். கல்லடியில் 2013இல் திறந்த புதிய பாலம் "நெக்ஸ்ட் டு தி ஓல்ட் ப்ரிட்ஜ்." பாடும் மீன்கள் "அண்டர் த ப்ரிட்ஜ்." பாலமீன்மடு வெளிச்சவீடு "நியர் த சீ." கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில் எந்தக் கரையில் என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகக் கத்துவார்கள், "வெஸ்ட்!" என்று. முழு வாக்கியமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒஃப் எங்கே, தி எங்கே, த எங்கே என்று இந்த நேரத்தில் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். வாக்கியம் வெளியே வரட்டும். எழுத்தில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

எழுத்துக்கு வரும்போது ஒரு ஒழுங்கு கொடுங்கள். பிள்ளைகள் கண்ணில் பட்டதைப் பட்டபடி எழுதுவார்கள்: கோழி, வானம், படலை, அம்மா. வாசிப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. முதலில் அசையாத பெரிய பொருள் ஒன்று, வீடோ கிணறோ. பிறகு அதை ஒட்டி மற்றவை. ஒவ்வொரு புதுப் பொருளும் ஏற்கெனவே சொன்ன பொருள் ஒன்றோடு சேர வேண்டும். "தெயர் இஸ் எ வெல் பிஹைண்ட் த ஹவுஸ். தெயர் இஸ் எ மேங்கோ ட்ரீ நெக்ஸ்ட் டு த வெல். தெயர் ஆர் டூ ஹென்ஸ் அண்டர் த ட்ரீ." இதை வாசிக்கிற ஆள் அந்த வளவைக் கண்ணால் காணாமலே கீறிவிடலாம். கீறித்தான் பார்க்க வேண்டும்: எழுதிய தாளை வேறு பிள்ளையிடம் கொடுத்துப் படம் கீறச் சொல்லுங்கள். புள்ளி போடுவதைவிட இது நேர்மையான மதிப்பீடு.

ஹோட்டல் வேலைக்குப் போகிற இளைஞர்களுக்குப் படத்துக்குப் பதிலாக அறையையும் சாப்பாட்டு மேசையையும் வையுங்கள். கரண்டியும் முள்ளுக்கரண்டியும் பீங்கானின் எந்தப் பக்கம், துவாய் எங்கே, நீச்சல் தடாகம் சாப்பாட்டு மண்டபத்துக்குப் பின்னாலா முன்னாலா. ஒருவர் விருந்தாளி, ஒருவர் பணியாளர், இருவருக்கும் நடுவே ஒரு சீலையைத் தொங்கவிட்டு, போனில் பேசுவதுபோலப் பேசட்டும். போனில் கை காட்ட முடியாது, அதனால் கையைக் கட்டச் சொல்லவும் தேவையில்லை.

திருத்துவது

இடச்சொல் பிழைத்தால் "பிழை" என்று சொல்லாதீர்கள். பிள்ளை சொன்னபடியே செய்யுங்கள். டின்னுக்குள்ளே வைக்க நினைத்துப் பிள்ளை "ஒன் த டின்" என்றால், சிப்பியை டின்னின் மேல் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். பிள்ளை தலையை ஆட்டும். "நோ, நோ... இன் த டின்!" என்று தானே திருத்திக்கொள்ளும். சொல்லுக்குப் பலன் இருக்கிறது, சொன்னால் பொருள் அந்த இடத்துக்குப் போகிறது என்று கண்ணால் கண்ட பிள்ளை அடுத்த முறை கவனமாகச் சொல்லும். "இன் ஃப்ரண்ட்" என்று சொல்லி "ஒஃப்"பை விட்டுவிடுவது, பன்மைக்கு "தெயர் இஸ்" போடுவது மாதிரியானவற்றைச் சரியான வடிவில் நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

வழி சொல்லுவது, அதாவது கோ ஸ்ட்ரெய்ட், டேர்ன் லெஃப்ட், க்ரொஸ் த ப்ரிட்ஜ் என்பதெல்லாம் அடுத்த தவணைக்கு வையுங்கள். நிற்கிற பொருளைச் சொல்வதும் நடக்கிற ஆளுக்கு வழி சொல்வதும் வேறு வேறு வேலை. இரண்டையும் கலந்தால் "த ஷொப் இஸ் டேர்ன் லெஃப்ட்" என்று வரும். முதுகோடு முதுகில் இரண்டு தாளும் பெரும்பாலும் ஒத்துப்போகத் தொடங்கிய பிறகு, தரையில் கீறிய அதே வாவியின் மேல் பிள்ளைகளை நடக்கவிட்டு அந்தப் பாடத்தைத் தொடங்கலாம்.